மெய்நிகர் அவதான நிலையம்: வானியலாளருக்கு ஆய்வுக் கருவி செய்து கொடுப்பவர் எங்கே தொடங்குவது?

கோணேசபுரி எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். நான் கணினித்துறைப் பட்டதாரி. வானியலை முறையாகப் படித்தவன் அல்லன். திருகோணமலையில் பகலில் கடைகளுக்கான கணக்கு மென்பொருள் எழுதுகிறேன். கடந்த ஆறு மாதங்களாக மாலை வேளைகளில், பௌதிகவியல் விரிவுரையாளர் ஒருவருக்கும் அவரிடம் இறுதியாண்டு ஆய்வு செய்யும் மூன்று மாணவர்களுக்கும் நிரல்கள் எழுதிக் கொடுத்து வருகிறேன். அவர்களிடம் பெரிய தொலைகாட்டி எதுவும் இல்லை. இருந்திருந்தாலும், கார்த்திகை விண்மீன்கள் இரவெல்லாம் வானில் நிற்கும் அதே மாதங்களில்தான் வடகீழ்ப் பருவக்காற்று நம் வானத்தை மூடி விடுகிறது. ஆகவே உலகின் பல அவதான நிலையங்கள் சேர்த்து வைத்த தரவுகளை ஒரே வானம்போல் இணையத்தில் திறந்து தரும் மெய்நிகர் அவதான நிலையமே எங்களுக்கு ஒரே வழி.

எனது திட்டத்தைச் சொல்லிக் கருத்துக் கேட்கவே இந்த இழையைத் தொடங்குகிறேன். விண்மீன்களின் இடத்தையும் தூரத்தையும் அளந்த ஐரோப்பாவின் கையா விண்கலத்தின் மூன்றாம் தரவு வெளியீட்டை இயன்றவரை இறக்கி இங்கே ஒரு சேவையகத்தில் வைத்து, அதன்மேல் தமிழில் ஓர் இணையத்தளம் கட்டி, மாணவர் எவரும் பொத்தானை அழுத்தி விண்மீன் கூட்டம் ஒன்றைத் தேர்ந்தால் வரைபடம் வந்து விழும்படி செய்ய எண்ணியிருக்கிறேன்.

இதற்கிடையில் ஒரு சிக்கல். மாணவி ஒருவர் கார்த்திகைக் கூட்டத்தில் எத்தனை விண்மீன்கள் உள்ளன என்று பார்க்க, பைதன் நிரல்மொழியின் நூலகம் (ஆயத்த நிரல்களின் தொகுதி) ஒன்றின் வழியாக ஒரு விண்மீன் பட்டியலில் தேடினார். விடையாக 50 வந்தது. தேடும் வட்டத்தின் ஆரத்தை இரட்டித்தார், அப்போதும் 50. ஆய்வேட்டின் முதல் வரைவில் அந்த எண்ணை எழுதியும் விட்டார். எனது நிரலில் பிழை இருப்பதாக நினைத்து இரண்டு இரவுகள் தேடினேன், கிடைக்கவில்லை. எங்கே பார்க்க வேண்டும் என்று யாராவது சொல்ல முடியுமா?


அலஸ்தோட்டம் எழுதியது:

தம்பி, முதலில் அந்த 50. உங்கள் நிரலில் பிழை இல்லை. நீங்கள் பயன்படுத்தியிருக்கக்கூடிய அஸ்ட்ரோகுவெரி என்ற பைதன் நூலகத்தில் விசியேர் (பிரான்சின் ஸ்ட்ராஸ்பூர் தரவு நிலையம் வைத்திருக்கும் வானியல் பட்டியல்களின் களஞ்சியம்) பட்டியல்களைக் கேட்கும்போது, நீங்கள் வேறு எண் கொடுக்காவிட்டால் 50 வரிகளோடு நிறுத்திக் கொள்ளும். அது ஆவணத்தில் எழுதப்பட்டிருக்கும் இயல்பு வரம்பு. தெரியாமல் கோடி வரிகளைக் கேட்டுவிடாமல் இருப்பதற்கான மரியாதை. அந்த வரம்பை நீக்கிவிட்டு மீண்டும் கேளுங்கள். ஆரத்தை இரட்டித்தும் எண் அசையவில்லை என்றபோதே சந்தேகம் வந்திருக்க வேண்டும். அந்தச் சந்தேகத்தை மாணவிக்கு ஊட்டுவதும் உங்கள் வேலையில் சேர்ந்ததுதான்.

நான் பதினொரு ஆண்டுகள் ஐரோப்பாவில் ஒரு வானியல் தரவு நிலையத்தின் பயனர் உதவிப் பிரிவில் இருந்துவிட்டு ஊர் திரும்பியவன். அங்கு வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் இந்த வகைதான். எவரும் "கருவி இல்லை" என்று எழுதியதில்லை, "கருவி தந்த விடை சரியா?" என்றே எழுதினார்கள். அதனால் உங்கள் பெரிய திட்டத்தைப் பற்றி நான் சொல்லப் போவது சற்றுக் கசப்பாக இருக்கலாம்.

இணையத்தளம் கட்ட வேண்டாம், இப்போதைக்காவது வேண்டாம். மெய்நிகர் அவதான நிலையம் என்பது ஒரு தளமோ ஒரு கட்டடமோ அன்று. தரவு வைத்திருக்கும் நிலையங்கள் ஒன்றோடொன்று பேசுவதற்கு ஒத்துக்கொண்ட நியமங்களின் தொகுதி அது. அதைக் கவனிக்கும் சர்வதேசக் கூட்டணியான ஐவிஓஏ 2002 யூன் மாதத்தில் தொடங்கப்பட்டது. வானில் ஒரு புள்ளியும் ஆரமும் கொடுத்தால் அதற்குள் உள்ளவற்றைத் தரும் கூம்புத் தேடல், தரவுத்தளத்திடம் முழு வினவலை அனுப்ப உதவும் டாப் நெறிமுறை, விடை வந்து சேரும் விஓடேபிள் என்ற அட்டவணை வடிவம், எந்தச் சேவை எங்கே உள்ளது என்று சொல்லும் பதிவேடு ஆகியவைதாம் அதன் எலும்புகள். இவற்றைப் பேசத் தெரிந்த எந்தச் சிறு நிரலும், உலகில் எந்த நிலையத்தோடும் வேலை செய்யும்.

தளங்களின் ஆயுள் குறைவு என்பதை நான் கண்ணாரக் கண்டிருக்கிறேன். அமெரிக்காவின் மெய்நிகர் வானியல் அவதான நிலையத் திட்டம் 2010 இல் தொடங்கி 2014 இல் முடிவடைந்தது. ஆனால் அது பேசிய நெறிமுறைகள் இன்றும் பெரிய காப்பகங்கள் எல்லாவற்றிலும் ஓடுகின்றன. பிரித்தானியாவில் டொப்கட் என்ற அட்டவணைக் கருவி பிறந்தது ஸ்டார்லிங்க் என்ற பழைய வானியல் மென்பொருள் திட்டத்துக்குள். (இன்று அதே பெயரில் இணைய இணைப்பு விற்பவர்களுக்கும் அதற்கும் தொடர்பில்லை.) அத்திட்டம் 2005 இல் மூடப்பட்டது. பிரிஸ்டலில் இருந்து அந்த ஒரு கருவியைத் தொடர்ந்து பேணியவர்களால் அது இன்றும் உயிரோடு இருக்கிறது. ஏன் பிழைத்தது? வானியலாளர் அன்றாடம் தொடும் ஒரே பொருளான அட்டவணையை மட்டும் எடுத்துக்கொண்டு, அதைத் திறக்க, வடிகட்ட, வரைய, இன்னொன்றோடு பொருத்தச் சலிக்காமல் உதவியது. சாம்ப் என்ற நெறிமுறை வழியாக அலாடின் வான்படக் கருவியோடும் பேசுகிறது: இங்கே வரைபடத்தில் ஒரு புள்ளியைத் தொட்டால் அங்கே வானப் படத்தில் அதே விண்மீன் ஒளிரும். இந்த ஒரு காட்சியை உங்கள் மாணவர்களுக்கு முதல் நாளே காட்டுங்கள்.


தம்பலகாமம் எழுதியது:

நான் தரவுத்தளப் பொறியியலாளன். வானியல் எனக்கும் புதிது. ஆனால் "இறக்கி இங்கே வைப்பது" என்ற பகுதியைப் பற்றி மட்டும் பேசத் தகுதி உண்டு என்று நினைக்கிறேன். கையாவின் மூன்றாம் வெளியீடு 2022 யூன் 13 இல் வந்தது. அதில் ஏறத்தாழ 181 கோடி ஒளிமூலங்கள் உள்ளன. மொத்தக் கொள்ளளவு 10 டெராபைட் அளவு. தொலைபேசித் தரவுப் பொதியில் வேலை செய்யும் ஊரில் அதை இறக்க நினைப்பது, குளத்தைக் குடத்தில் அள்ளி வீட்டுக்குக் கொண்டு போவது மாதிரி.

இதற்கு மருந்து ஏற்கெனவே இருக்கிறது. ஸ்லோன் வான் அளவாய்வின் தரவுத்தளத்தை அமைத்தபோது ஜிம் கிரே என்ற கணினி அறிஞரும் அலெக்ஸ் சலாய் என்ற வானியலாளரும் வலியுறுத்திய கொள்கை, தரவைக் கணக்கிடத்துக்கு இழுக்காமல் கணக்கைத் தரவு இருக்கும் இடத்துக்கு அனுப்புவதாகும். டாப் நெறிமுறை செய்வது இதைத்தான். அதில் வினவலை எழுதும் மொழியான ஏடிகியூஎல் என்பது, தரவுத்தளங்களைக் கேட்க நிரலாளருக்குப் பழக்கமான எஸ்கியூஎல் மொழிக்கு வட்டம், புள்ளி, தூரம் போன்ற வான்கணிதச் சொற்களைச் சேர்த்த வடிவம். நான்கு வரி வினவல் போகும். தேவையான சில ஆயிரம் வரிகள் மட்டும் திரும்பி வரும்.

இன்னொன்று, மின்வெட்டைப் பற்றியது. டாப் சேவையிடம் இரண்டு விதமாகக் கேட்கலாம். உடனடி முறையில் விடை வரும்வரை இணைப்பைப் பிடித்துக்கொண்டிருக்க வேண்டும். மின்சாரம் போனால் எல்லாம் போகும். பின்னணி முறையில் வேலையை ஒப்படைத்தவுடன் அதற்கென ஒரு முகவரி கிடைக்கும். காத்திருக்கிறது, ஓடுகிறது, முடிந்தது என்று அதன் நிலையை அங்கே பார்க்கலாம். உங்கள் கணினி அணைந்தாலும் வேலை அங்கே நடந்துகொண்டே இருக்கும். எனவே மாணவர்களுக்கு எழுதிக் கொடுக்கும் முதல் நிரல், அந்த முகவரியை ஒரு கோப்பில் குறித்து வைத்து, மறுநாள் காலையில் அதே இடத்திலிருந்து தொடரும் நிரலாக இருக்கட்டும். அழகான தளத்தைவிட அது நம் ஊருக்குக் கூடுதலாகப் பயன்படும்.


கோணேசபுரி எழுதியது:

இருவருக்கும் மிக்க நன்றி. 50 என்ற வரம்பை நீக்கியவுடன் பட்டியல் பெருகியது. தம்பலகாமம் அண்ணா சொன்னபடி நேரடியாகக் கையா காப்பகத்திடமும் டாப் வழியாகக் கேட்டோம்: கார்த்திகையின் நடுப்புள்ளியைச் சுற்றி 2 பாகை ஆரம், உடனடி முறை. இம்முறை சரியாக 2000 விண்மீன்கள் வந்தன. ஒன்று கூடவும் இல்லை, குறையவும் இல்லை. மாணவிக்கு ஒரே மகிழ்ச்சி. எனக்கு முன்னைய அனுபவத்தால் வயிற்றைக் கலக்குகிறது.


அலஸ்தோட்டம் எழுதியது:

வயிறு சரியாகத்தான் வேலை செய்கிறது. அந்தக் காப்பகத்தின் உடனடி வினவலுக்கு வரம்பு 2000. பின்னணி முறைக்கு மாறுங்கள்.

ஆனால் இதில் உள்ள உண்மையான ஆபத்தை மாணவிக்குச் சொல்லுங்கள். வரிசைப்படுத்தச் சொல்லாமல் கேட்டால், தரவுத்தளம் தன் கைக்கு முதலில் எட்டியதைக் கொடுக்கும். வந்த 2000 மிகப் பிரகாசமானவையும் அல்ல. பாரபட்சமின்றிப் பொறுக்கியவையும் அல்ல. கையாவின் அடையாள எண்ணிலேயே அந்த ஒளிமூலம் வானின் எந்தக் கட்டத்தில் உள்ளது என்பது பொதிந்திருப்பதால், வட்டத்தின் ஒரே மூலையிலிருந்து திரண்டு வந்திருக்கவும் கூடும். அதை வைத்து வரையும் எந்த வரைபடமும் பார்க்க ஒழுங்காக இருக்கும், பொய் சொல்லும்.

விடை வெட்டப்பட்டால் அதை அட்டவணையின் முடிவில் "நிரம்பி வழிந்தது" என்ற குறியால் தெரிவிக்க வேண்டும் என்று டாப் நியமம் சொல்கிறது. நம்மில் பலர் எழுதும் நிரல்கள் அந்தக் குறியைப் படிப்பதே இல்லை. காப்பகம் இரகசியமாக எதையும் செய்யவில்லை; சொன்னதை நாம் காதில் போட்டுக்கொள்ளவில்லை. நீங்கள் எழுதும் கருவி அந்தக் குறியைப் பார்த்தால், அல்லது வரிகளின் எண்ணிக்கை கேட்ட வரம்போடு சமமாக இருந்தால், வரைபடம் வரைய மறுக்கட்டும். எச்சரிக்கை கொடுத்துவிட்டு வரைந்தால் போதாது, ஏனெனில் எச்சரிக்கையை எவரும் படிப்பதில்லை.


மூன்றாம்பிறை எழுதியது:

கோணேசபுரித் தம்பி குறிப்பிட்ட விரிவுரையாளர் நான்தான். மாணவர்கள் சொல்லி இந்த இழையைப் பார்த்தேன். முதலில் என் பக்கத் தவறு ஒன்றை ஒத்துக்கொள்கிறேன். எனக்கு என்ன வேண்டும் என்று தம்பி பலமுறை கேட்டபோது, "விண்மீன் கூட்டங்களை ஆராய ஒரு கருவி" என்று ஒற்றை வாக்கியத்தில் பதில் சொல்லிவிட்டுப் போய்விட்டேன். அவர் தளம் கட்டக் கிளம்பியதில் வியப்பில்லை.

ஸ்லோன் தரவுத்தளத்தை அமைத்தபோது ஜிம் கிரே வானியலாளரிடம் கேட்டது என்ன தேவை என்பதை அல்ல. அவர்கள் உண்மையில் கேட்க விரும்பும் 20 கேள்விகளை எழுதித் தரச் சொன்னார். தரவுத்தளத்தின் வடிவமே அந்தக் கேள்விகளுக்கு விடை சொல்லும் வகையில் அமைந்தது. இந்தக் கதை எனக்குத் தெரிந்திருந்தும், என் வீட்டு வேலை என்று வந்தபோது நான் அதைச் செய்யவில்லை. 20 இல்லாவிட்டாலும் எனது கேள்விகளை இனி எழுதித் தருகிறேன்.

முதல் கேள்வியை இங்கேயே எழுதுகிறேன், ஏனெனில் 2000 என்ற எண்ணின் கோளாறு வரம்பில் மட்டும் இல்லை. கார்த்திகையை நோக்கி 2 பாகை ஆரத்தில் தெரியும் விண்மீன்களில் பெரும்பாலானவை அக்கூட்டத்தைச் சேர்ந்தவை அல்ல. முன்னாலோ பின்னாலோ வெகு தூரத்தில் இருப்பவை. கூட்டத்தின் உறுப்பினரை அடையாளம் காண இரண்டு சோதனைகள் உண்டு. ஒன்று தூரம்: கார்த்திகையின் இடமாறு (பூமி சூரியனைச் சுற்றும்போது விண்மீன் பின்னணியில் இடம் மாறித் தெரியும் அளவு) ஏறத்தாழ 7.4 மில்லிவிகலை (பாகையின் 3600 இல் ஒரு பங்கு விகலை, அதன் ஆயிரத்தில் ஒரு பங்கு மில்லிவிகலை), அதாவது 136 பார்செக் அல்லது 440 ஒளியாண்டுகளுக்குச் சற்று மேல். மற்றது நகர்ச்சி: கூட்டம் முழுவதும் வானில் ஆண்டுக்குக் கிழக்கே 20 மில்லிவிகலை, தெற்கே 45 மில்லிவிகலை என்ற அளவில் ஒன்றாக நகர்கிறது. ஆகவே எனது கேள்வி: "5 பாகை ஆரத்துக்குள், இடமாறு 6.9 க்கும் 7.8 க்கும் இடையில் இருந்து, நகர்ச்சியும் அந்த அளவைச் சுற்றி அமைந்த விண்மீன்கள் எவை?" இந்த நிபந்தனைகளையும் வினவலுக்குள்ளேயே அனுப்பினால் வரம்புப் பிரச்சினையும் பெரும்பாலும் தீர்ந்துவிடும்.

அடுத்து, கருவி எங்களைக் காப்பாற்ற வேண்டிய இரண்டு இடங்கள். சென்ற ஆண்டு இன்னொரு மாணவர் இதே கார்த்திகையைக் கூம்புத் தேடலில் தேடினார். புத்தகத்தில் அதன் வல ஏற்றம் (வானில் கிழக்கு மேற்காக இடத்தைச் சொல்லும் அளவு) 3 மணி 47 நிமிடம் என்று இருந்ததால், 3.78 என்று இட்டார். நியமம் எதிர்பார்ப்பது பாகையில். 15 ஆல் பெருக்கி 56.75 என்று கொடுத்திருக்க வேண்டும். சேவை மறுக்கவில்லை, ஏனெனில் 3.78 பாகையும் வானத்தில் ஓர் இடம்தானே. எந்த இடம் தெரியுமா? உத்தரட்டாதியின் இரு விண்மீன்களுக்கும் இடையில். நட்சத்திரம் பார்த்துப் பெயர் வைக்கும் நம் ஊரில் கார்த்திகையைக் கேட்டு உத்தரட்டாதியைப் பெற்ற கதையைச் சொல்லி இன்றும் சிரிக்கிறோம். ஆனால் அன்று அவருடைய மூன்று வார வேலை வீணானது.

இரண்டாவது, காலம். கையா தரும் இடங்கள் 2016 ஆம் ஆண்டுக்கானவை. பழைய பட்டியல்கள் பலவற்றில் 2000 ஆம் ஆண்டை ஒட்டிய இடங்கள் உள்ளன. கார்த்திகை உறுப்பினர் ஒன்று இந்த 16 ஆண்டுகளில் ஏறத்தாழ 0.8 விகலை நகர்ந்திருக்கும். அரை விகலைக்குள் பொருத்தச் சொன்னால், நாம் தேடும் உறுப்பினர்களை மட்டும் சரியாகத் தவறவிட்டு, நகராத தொலைதூர விண்மீன்களை அள்ளிக்கொண்டு வரும். பர்னார்ட் விண்மீன்போல் ஆண்டுக்குப் பத்து விகலைக்கு மேல் ஓடும் ஒன்றானால், இரண்டரைக் கலைக்கும் (60 விகலை ஒரு கலை) அப்பால் போயிருக்கும். இரு அட்டவணைகளைப் பொருத்துவதற்கு முன்பு காலத்தைச் சமப்படுத்த வேண்டும் என்று எனக்கு நன்றாகத் தெரியும். ஆனால் இரவு பதினொரு மணிக்கு அது நினைவுக்கு வராது. கருவிக்கு வர வேண்டும்.


உவர்மலை எழுதியது:

நான் உயர்தர வகுப்புக்குப் பௌதிகவியல் கற்பித்து ஓய்வு பெற்ற ஆசிரியை. இதுவரை வாசித்ததில் ஒரு குறை தோன்றுகிறது. கோணேசபுரித் தம்பி தொடக்கத்தில் எழுதிய "தமிழில்" என்ற சொல், மற்றவர்களின் பதில்களில் காணாமல் போய்விட்டது.

2019 டிசெம்பர் 26 இல் கங்கண சூரிய கிரகணம் நம் ஊருக்கு மேலாகப் போனபோது, கடற்கரையில் என்னைச் சுற்றி நின்ற பிள்ளைகள் கேட்ட கேள்விகள் எல்லாம் தமிழில்தான் இருந்தன. நல்ல கேள்விகள். நிழல் ஏன் மேற்கிலிருந்து கிழக்கே போகிறது என்று ஒரு சிறுமி கேட்டாள். அதற்கு ஒழுங்காகப் பதில் சொல்ல எனக்கே அரை மணி நேரம் வேண்டியிருந்தது. அந்தச் சிறுமி தமிழ்மூலம் உயர்தரம் படித்துவிட்டு வளாகத்துக்குள் நுழைந்து இந்த அட்டவணைகளைத் திறந்தால், தலைப்பு ஒவ்வொன்றும் அந்நிய எழுத்துச் சுருக்கமாக இருக்கும். தளம் வேண்டாம் என்ற அலஸ்தோட்டம் ஐயாவின் வாதத்தை ஏற்கிறேன். ஆனால் கருவியின் முகப்பும் விளக்கமும் தமிழில் இருக்க வேண்டும் என்ற ஆசையையும் அந்த வாதத்தோடு சேர்த்துப் புதைத்துவிட வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.


தம்பலகாமம் எழுதியது:

ஆசிரியை அவர்களின் ஆசை நியாயமானது. நடைமுறையில் எனக்கு ஐயம் உண்டு. விசியேரில் மட்டும் பல்லாயிரம் பட்டியல்கள் உள்ளன. ஒவ்வொன்றும் தன் நெடுவரிசைகளுக்குத் தன் விருப்பப்படி பெயர் வைத்திருக்கிறது. வல ஏற்றத்துக்கே ஒன்றில் ஆர்ஏ, இன்னொன்றில் ஆர்ஏஜே2000, வேறொன்றில் ஆல்ஃபா. இத்தனையையும் யார் மொழிபெயர்ப்பது?


அலஸ்தோட்டம் எழுதியது:

உவர்மலை ஆசிரியை சொன்னதைக் கவனிக்காமல் கடந்தது என் தவறு. தம்பலகாமம் எழுப்பிய தடைக்கு நியமங்களுக்குள்ளேயே வழி இருக்கிறது. நான் இதுவரை இதை மொழிப் பிரச்சினையோடு சேர்த்து எண்ணிப் பார்த்ததில்லை.

பெயர் ஆளுக்கொன்றாக இருக்கும் என்பது வானியலாளருக்கும் தொல்லைதான். அதனால்தான் யூசிடி என்ற பொருள்குறியை உண்டாக்கினார்கள். நெடுவரிசைக்கு என்ன பெயர் வைத்தாலும், அது எதைக் குறிக்கிறது என்பதைக் கட்டுப்படுத்தப்பட்ட சில நூறு சொற்களால் அதனோடு கட்டி வைக்க வேண்டும். தம்பலகாமம் சொன்ன மூன்று பெயர்களுக்கும் பொருள்குறி ஒன்றே: இடம், நடுவரை ஆயமுறை, வல ஏற்றம். பட்டியல்களை மொழிபெயர்க்க வேண்டியதில்லை. அந்தச் சில நூறு சொற்களுக்கு மட்டும் ஒரு தமிழ் அகராதிக் கோப்பு செய்து வைத்தால், பொருள்குறி ஒழுங்காக இடப்பட்ட எந்த அட்டவணையைத் திறந்தாலும், மூலப் பெயரைத் தொடாமல் அதன்கீழ் தமிழ் விளக்கத்தைக் காட்டலாம். அலகும் அட்டவணையிலேயே எழுதியிருக்கும் என்பதால், "மணி அல்ல, பாகை" என்பதையும் அங்கேயே சொல்லலாம். உத்தரட்டாதிக்குப் போகாமல் தப்பலாம்.

மூலப் பெயரைத் தொடக்கூடாது என்பதில் மட்டும் நான் பிடிவாதமாக இருப்பேன். மாணவர் நாளை பூனாவுக்கோ ஸ்ட்ராஸ்பூருக்கோ மின்னஞ்சல் எழுதிச் சந்தேகம் கேட்கும்போது, அந்தப் பெயர்தான் கைகொடுக்கும். பூனாவைச் சும்மா சொல்லவில்லை. அங்குள்ள ஐயூகா நிறுவனம் மெய்நிகர் அவதான நிலையத்தின் தொடக்க காலத்திலேயே ஒரு மென்பொருள் நிறுவனத்தோடு சேர்ந்து விஓபிளொட் என்ற வரைபடக் கருவியைச் செய்தது. நிரலாளரையும் வானியலாளரையும் ஒரே மேசையில் இருத்தும் வேலை நமக்குப் பக்கத்து நாட்டிலேயே நடந்திருக்கிறது.


கிண்ணியா எழுதியது:

எல்லாம் நல்லது. ஆனால் ஒரு நிரலாளன் என்ற முறையில் கேட்கிறேன். கட்டுரை வெளிவரும்போது வானியலாளரின் பெயர் இருக்கும், மாணவரின் பெயர் இருக்கும். ஆறு மாத மாலைகளைக் கொடுத்த கோணேசபுரியின் பெயர் எங்கே இருக்கும்? ஒருமுறை நானும் ஓர் ஆய்வுக் குழுவுக்கு இப்படி உதவினேன். முடிவில் கிடைத்தது ஒரு தேநீரும் "தம்பி கெட்டிக்காரன்" என்ற வார்த்தையும். கருவியைப் பேணுவதற்கு எவரும் இல்லாமல் அது அடுத்த ஆண்டே செத்துப்போனது.


மூன்றாம்பிறை எழுதியது:

கிண்ணியா கேட்டது கூசாமல் கேட்க வேண்டிய கேள்வி. வானியலில் இதற்கென்று சில ஏற்பாடுகள் உள்ளன. வானியற்பௌதிக மூலநிரல் நூலகம் 1999 முதல் இயங்குகிறது. ஆய்வில் பயன்பட்ட நிரலை அங்கே பதிவு செய்தால், கட்டுரையை மேற்கோள் காட்டுவதுபோலவே அதையும் மேற்கோள் காட்டலாம். கருவியைப் பற்றிய கட்டுரைகளுக்கென்றே வானியலும் கணிப்பும் என்ற ஆய்விதழ் 2013 முதல் வெளிவருகிறது. எங்கள் நிரல் அந்த அளவுக்கு வளருமா என்பது வேறு விடயம். பதிவு செய்ய அது தடையில்லை. மாணவியின் ஆய்வேட்டில் நிரலின் பெயர், பதிப்பு எண், எழுதியவர் பெயர் மூன்றும் முறைகள் பற்றிய அத்தியாயத்திலேயே வர வேண்டும் என்று கூறிவிட்டேன். நன்றியுரையில் போட்டுத் தப்பிக்க விடமாட்டேன்.

பேணுவது பற்றி எனக்கும் அச்சம் உண்டு. ஆகையால்தான் சிறியதாக இருக்க வேண்டும் என்கிறேன். நூறு வரி நிரலை அடுத்த ஆண்டு மாணவர் வாசித்துப் புரிந்துகொள்ள முடியும். சேவையகமும் தளமுமாக இருந்தால், தம்பி கொழும்புக்கு வேலைக்குப் போகும் நாளில் அது அணைந்துவிடும்.

பிழைக்கும் கருவிகளைக் கவனித்தால் இன்னொன்றும் தெரியும்: அவை விஞ்ஞானம் ஒன்றைச் சாதித்துக் காட்டியவை. 2004 இல் ஐரோப்பிய ஆய்வாளர்கள், புதிதாக எந்தத் தொலைகாட்டி நேரமும் வாங்காமல், ஏற்கெனவே வெளியான எக்ஸ்-கதிர்ப் பட்டியல்களையும் ஒளியியல் பட்டியல்களையும் மெய்நிகர் அவதான நிலையக் கருவிகளால் பொருத்தியே, தூசிக்குள் மறைந்திருந்த 30 அளவிலான குவேசார்களை (வெகு தொலைவில் மிகப் பிரகாசமாக ஒளிரும் விண்மீன்மண்டல மையங்களை) இனங்கண்டார்கள். அதுவரை, இதெல்லாம் கணினிக்காரரின் விளையாட்டு என்று சொல்லிக்கொண்டிருந்த வானியலாளர் பலர் இருந்தார்கள்.


கோணேசபுரி எழுதியது:

இரண்டு வாரங்கள் கழித்து எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளவும். தளத் திட்டத்தைக் கைவிட்டேன். வாங்க நினைத்திருந்த சேவையகத்தையும் வாங்கவில்லை.

அதற்குப் பதிலாக இரண்டு மாலைகள் மாணவியின் பக்கத்தில் எதையும் தொடாமல் உட்கார்ந்து, அவர் வேலை செய்வதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். வெட்கமாக இருந்தது. நான் எழுதிக் கொடுத்த வரைபட நிரலை அவர் திறக்கவே இல்லை. காப்பகத்திலிருந்து வந்த கோப்பை விரிதாளில் திறந்து, அளவிடப்படாத பிரகாசத்துக்கு அந்தப் பட்டியலில் போட்டிருந்த 99.99 என்ற எண்ணை ஒவ்வொரு வரியாகக் கையால் அழித்துக்கொண்டிருந்தார். ஏன் என்னிடம் சொல்லவில்லை என்று கேட்டேன். "இதுவும் ஆய்வின் ஒரு பகுதி என்று நினைத்தேன் அண்ணா" என்றார். ஆறு மாதங்களில் நான் அவரிடம் ஒருமுறைகூட "இப்போது என்ன செய்கிறீர்கள், காட்டுங்கள்" என்று கேட்டதில்லை.

இப்போது நிரல் 140 வரிகள். வல ஏற்றத்தை மணியில் கொடுத்தால் மணி என்று சொல்லிக் கொடுக்க வேண்டும். அலகு இல்லாத எண்ணை ஏற்காது. வினவலைப் பின்னணி முறையில் அனுப்பி, வேலையின் முகவரியைக் கோப்பில் குறித்துக்கொள்ளும். விடை வெட்டப்பட்டிருந்தால் வரைய மறுக்கும். பொருத்துவதற்கு முன் இரு அட்டவணைகளின் ஆண்டையும் கேட்கும். ஆண்டு தெரியாவிட்டால் நின்றுவிடும். 99.99 போன்ற பொய் எண்களை வெற்றிடமாக்கி, எத்தனை வரிகளில் அப்படிச் செய்தது என்பதை ஒரு வரியில் தெரிவிக்கும். வரைவதை நான் எழுதவே இல்லை. அட்டவணையைச் சாம்ப் வழியாக டொப்கட்டுக்கு அனுப்பிவிடுகிறேன்.

விரிவுரையாளர் அம்மாவின் முதல் கேள்வியைக் கடந்த வியாழன் மாலை அனுப்பினோம். ஏழரை மணிக்கு மின்சாரம் போனது. மறுநாள் காலை அதே முகவரியைத் திறந்தபோது "முடிந்தது" என்று இருந்தது. விடை ஆயிரத்தைச் சற்றுத் தாண்டியது. மாணவி முதலில் செய்தது, ஆரத்தை மாற்றி எண் அசைகிறதா என்று பார்த்தது. அசைந்தது.

தமிழ் அகராதிக் கோப்பில் இதுவரை 64 சொற்கள் சேர்ந்துள்ளன. உவர்மலை அம்மாவிடம் ஒரு கேள்வி: இடமாறு என்ற சொல்லைப் பார்த்த இரு மாணவர்கள் "இடம் மாறு" என்ற கட்டளையாக வாசித்தார்கள். வேறு சொல் வைப்பதா, பக்கத்தில் விளக்கம் கொடுப்பதா?


உவர்மலை எழுதியது:

சொல் அப்படியே இருக்கட்டும், விளக்கம் சேருங்கள். கையை நீட்டி ஒரு விரலை நிமிர்த்தி, ஒரு கண்ணை மூடித் திறந்து மறு கண்ணை மூடினால், விரல் பின்னணியில் இடம் மாறித் தெரியும். இந்த இரண்டு வரிகளைக் குறிப்பாகப் போடுங்கள். கட்டளையாக வாசித்தவர்கள் விரலைப் பார்த்ததும் பெயராக வாசிப்பார்கள். மீதிச் சொற்களையும் அனுப்புங்கள். சனிக்கிழமைக்குள் பார்த்துத் தருகிறேன்.


மூன்றாம்பிறை எழுதியது:

எனது பட்டியலில் இப்போது ஏழு கேள்விகள் உள்ளன. நான்காவதுதான் அவசரம்: கூட்டத்தின் ஓரத்தில், 5 பாகைக்கு வெளியே, அதே நகர்ச்சியோடு தப்பி ஓடிக்கொண்டிருக்கும் விண்மீன்கள் உண்டா? ஆரத்தைப் பெருக்கினால் பின்னணி விண்மீன்களும் பெருகும் என்பதால், வெறும் வடிகட்டியால் இது முடியாது. ஒவ்வொன்றும் உறுப்பினராக இருக்கும் நிகழ்தகவைக் கணிக்க வேண்டும். தம்பி, திங்கள் மாலை வருகிறீர்களா? இம்முறை நான் வேலை செய்கிறேன், நீங்கள் பக்கத்தில் இருந்து பாருங்கள்.